புதுப்பிப்பு: வாத்துக் குஞ்சுகளின் ஈரப் படுக்கை, தடுமாறும் கால்கள்

ஆறு குஞ்சுகள், படுக்கை எந்நேரமும் சொதசொத, இரண்டுக்குக் கால் தடுமாற்றம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

தண்ணீர்த் தட்டைக் கம்பிவலை மூடிய தொட்டிமேல் வைக்கச் சொன்ன யோசனைதான் ஈரத்தைத் தீர்த்தது. சிந்துவது அடியில் வடிகிறது. மரச்சீவல் மூன்று நாள் தாங்குகிறது. தட்டில் தண்ணீர் மூக்குத் துளை முங்கும் ஆழம் போதும்.

காலுக்கு ப்ரூவர்ஸ் ஈஸ்ட், அதாவது நியாசின் (வைட்டமின் B3) உள்ள ஈஸ்ட் தூள். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் வாத்துக்கு வேண்டிய நியாசின் பெரும்பாலும் இருக்காது. ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி ஈஸ்ட். லேசாக நனைத்துப் பிசறாவிட்டால் தூள் அடியில் தங்கிவிடும். நாலாம் நாள் நிமிர்ந்து நடந்தன.

எதிர்பாராதது, குஞ்சுகளுக்குச் சூடு தரும் விளக்கு. முதல் வாரம் 32 டிகிரி சரிதான், ஆனால் சிங்கப்பூர்ப் பகலில் அறையே 31! வாய் திறந்து மூச்சிரைத்தன. இப்போது இரவிலும் மழை நேரத்திலும் மட்டும், பெட்டியின் ஒரு மூலையில்.

கேட்டவருக்கு: இது தரைவீடு; வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வாத்துக்கு அனுமதியில்லை.