ஜம்போ படத்தை வாசகசாலையில் மாட்டலாமா?

கோட்டைவாசி:
வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் யானைப் படம் ஒன்று கிடைத்தது. முதுகில் நாலைந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள். கீழே ‘ஜம்போ, 1882’. காகிதம் பழுப்பேறிவிட்டது, ஆனால் தோல் சுருக்கம் ஒவ்வொன்றையும் கோடு கோடாக இழைத்திருக்கிறார்கள். எங்கள் தெரு வாசகசாலையில் மாட்டலாம் என்றேன். இரண்டு பேர் கூடாது என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
கூடாதுதான் அண்ணா. ஆப்பிரிக்காவில் குட்டியாகப் பிடிபட்டு, பாரிஸ் போய், 1865இல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு வந்த யானை அது. பகலெல்லாம் பிள்ளைகளைச் சுமக்கும். ராத்திரியில் வெறி பிடித்ததுபோல் சுவரில் மோதும். தந்தங்களைத் தேய்த்துத் தேய்த்தே கட்டையாக்கிக்கொண்டது. அதற்குப் பயந்துதான் 1882இல் 2,000 பவுண்டுக்கு அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னமுக்கு விற்றார்கள். மூன்றே வருடத்தில் கனடாவில் சரக்கு ரயில் மோதிச் செத்தது. அப்புறமும் விடவில்லை. தோலைப் பாடம் செய்து ஒரு பக்கம், எலும்புக்கூட்டை ஒரு பக்கம் காட்டிக் காசு பார்த்தார்கள்.

கோட்டைவாசி:
விற்காதீர்கள் என்று விக்டோரியா ராணிக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியதும் பிள்ளைகள்தானே தம்பி? அந்தப் பாசமும் பொய்யா? நம் கோயில் யானை காலிலும் சங்கிலி இருக்கிறது.

குடியாத்தம் அக்கா:
இருக்கிறது, அதுவும் தப்புதான். சின்ன வயதில் சர்க்கஸ் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு யானையைப் பார்த்தேன். பின்னங்காலில் சங்கிலி, புண் மேல் மஞ்சள். நின்ற இடத்திலேயே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தது. ‘ஆடுது பார்’ என்று நாங்கள் கைதட்டினோம். அடைபட்ட தவிப்பில்தான் அப்படி ஆடும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. மிருகங்களை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று நம் அரசு போட்ட 1998 தடையில் சிங்கம், புலி, கரடியெல்லாம் வந்தன, யானை வரவில்லை. அப்புறமும் பல வருடம் அதற்கு விடிவில்லை. எங்கள் பக்கம் கவுண்டின்யா காட்டு யானைகள் ராத்திரியில் தோப்புக்குள் இறங்கும். நஷ்டம்தான், கோபமும் வரும். ஆனாலும் அது தன் காலில் வந்து தன் காலில் போகிறது.
படத்தை மாட்டுங்கள். அடியில் இந்தக் கதையை எழுதி ஒட்டுங்கள்.

பாலாற்றங்கரை:
அடியில் இருப்பதை யார் படிக்கிறார்கள் அக்கா? பிள்ளைகள் கண்ணில் படுவது சவாரி மட்டும்தான்.

கோட்டைவாசி:
தந்தத்தைப் பற்றித் தம்பி சொன்னதும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தில் இரண்டும் முழுசாக, கூராக இருக்கின்றன. வரைந்தவர் கட்டையை மறைத்துவிட்டார். இதையும் சேர்த்து எழுதாமல் மாட்ட எனக்கு மனசில்லை. சட்டம் போடக் கொடுத்ததை இன்று திருப்பி வாங்கிவிட்டேன்.