ஏசி30 கிட்டார் ஆம்ப்: நாலு வால்வுக்கும் ஒரே ரெசிஸ்டர், ஒரே அளவு கரண்ட் இழுக்குற ஜோடியாப் பார்த்துப் போடணுமா வேண்டாமா?

செம்புக்கம்பி:
"வாக்ஸ் ஏசி30 கேத்தோடு பயாஸ் ஆம்ப், தானே சரி பண்ணிக்கும், எந்த நாலு இஎல்84 அவுட்புட் வால்வு வேணும்னாலும் சொருகலாம்"னு திரும்பத் திரும்ப எழுதுறவங்களுக்கு ஒரே கேள்வி. கேத்தோடு பயாஸ்னா கேத்தோடுக்குக் கீழ இருக்குற ரெசிஸ்டரே வால்வோட கரண்டைக் கட்டுப்படுத்துறது. இதுல நாலு கேத்தோடும் ஒரே 50 ஓம் ரெசிஸ்டர்ல சேருது. அது மொத்தக் கரண்டைத்தான் சரி பண்ணும். நாலு வால்வும் 62, 40, 49, 49 மில்லிஆம்ப் இழுக்குதுன்னு வைங்க. கூட்டினா 200, ரெசிஸ்டர்ல 10 வோல்ட். மீட்டர்ல ஒரு குறையும் தெரியாது. அந்த 62-ல ஸ்க்ரீன் கிரிட்டுக்கு 5 போனா, பிளேட்டுக்கு மிச்சம் 57. பிளேட்ல 310 வோல்ட். பெருக்கினா 17 வாட்டுக்கு மேல. இஎல்84-க்கு வரம்பு 12.

பழையவால்வு:
ஐயா, ஏசி30-ல நல்ல செட்டே 14 வாட்ல ஓடுது. 62-ஐயும் 40-ஐயும் ஒரே பக்கம் போட்டா 102, எதிர்ப்பக்கம் 98. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சமமா இருக்கு. இன்னும் என்ன வேணும்?

செம்புக்கம்பி:
டிரான்ஸ்ஃபார்மர் சமம்தான். 62 ஓடுற வால்வோட பிளேட் சூடு தாங்காம சிவக்குறது நிக்குமா? அதைத்தான் கேட்டேன்.

பழையவால்வு:
ஜோடி ஜோடின்னு குதிக்கிறீங்களே, விக்கிறவர் 250 வோல்ட்ல அளந்து லேபிள் ஒட்டுறார். உங்க ஆம்ப்ல 310. அங்க ஒட்டின ஜோடி இங்க ஒட்டாது.

சராத்தோவ்ரசிகன்:
எதுக்குச் சண்டை? இஎல்84-க்குப் பதிலா சோவியத் காலத்து 6பி14பி-ஈவி வால்வு வாங்கிப் போடுங்க, 310-ஐத் தாங்கும். இல்லேன்னா மல்லார்ட் கம்பெனி வால்வு.

பழையவால்வு:
எந்த மல்லார்ட் தம்பி? அந்தக் காலத்துல இங்கிலாந்து பிளாக்பர்ன்ல செஞ்சதா, இப்ப அதே பேர்ல ரஷ்யாவுல செய்யறதா? பெட்டியைப் பார்த்து வாங்குற கூட்டம்.

சராத்தோவ்ரசிகன்:
ஜிஇஜட்34 ரெக்டிஃபையர் வால்வு பத்தின பழைய பேச்சுல தோத்த கோபம் இன்னும் ஆறலையா அண்ணே?

செம்புக்கம்பி:
பேச்சை மாத்தாதீங்க. லேபிளை நம்பச் சொல்லலை, ஆம்ப்லயே அளக்கச் சொல்றேன். முதல்ல பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கப்பாசிட்டர்ல நிக்கிற சார்ஜை இறக்குங்க. ஒவ்வொரு சாக்கெட்லயும் 3-ஆம் பின்னுக்கும் (கேத்தோடு) 50 ஓமுக்கும் நடுவுல 1 ஓம், 1 சதவீதத் துல்லிய ரெசிஸ்டர் போடுங்க. அப்புறம் ஆம்பைப் போட்டு 20 நிமிஷம் சூடேறட்டும். அந்த 1 ஓம்ல எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லிஆம்ப்.

பிளேட்சிவப்பு:
சிவந்தாலே வால்வு மேல பழியா? அதையும் பக்கத்து வால்வையும் இடம் மாத்துங்க. சிவப்பு வால்வோட போனா வால்வுதான். சாக்கெட்லயே நின்னா, முந்தின ஸ்டேஜ்லேர்ந்து சிக்னல் கொண்டு வர்ற கப்ளிங் கப்பாசிட்டர் கசியுதான்னு பாருங்க. 2-ஆம் பின்ல (கிரிட்) சிக்னல் இல்லாம சும்மா இருக்கும்போது 0 வோல்ட் இருக்கணும். 1 வோல்ட் வந்தாலும் அந்தக் கப்பாசிட்டரைக் கழட்டி மாத்துங்க.

செம்புக்கம்பி:
சரி, ஆனா அது வேற கோளாறு. இங்க அந்த 50 ஓம்தான் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே காவல்காரன், அவனுக்கு ஆள் அடையாளம் தெரியாது. தனித்தனியா 200 ஓம் போட்டிருந்தா பழையவால்வு சொல்றது ஓரளவு நிக்கும்.

பழையவால்வு:
200 ஓம் போட்டா அது ஏசி30-ஏ இல்ல. உங்க சொந்த ஆம்புக்குப் போய்ப் பண்ணுங்க.

செம்புக்கம்பி:
போடச் சொன்னேனா? அந்த 62-க்கு இன்னும் பதில் வரலை.

சராத்தோவ்ரசிகன்:
6பி14பி-ஈவி.