கேரி ஆனந்தசங்கரி போல: சட்டத்திலிருந்து கனடா அரசியலுக்கு

கேள்வி (பெங்களூரு, சட்ட மாணவர்): இங்கே எல்எல்பி முடித்துவிட்டுக் கனடா போனால், அங்கே எம்.பி.யாகத் தேர்வான தமிழ் வக்கீல் கேரி ஆனந்தசங்கரியைப் போல வக்கீலாகித் தேர்தலிலும் நிற்க முடியுமா?

பதில் 1: முடியும், ஆனால் சுற்று வழி. அவர் டொரண்டோவில் உள்ள ஒஸ்குட் ஹால் சட்டக் கல்லூரியிலேயே படித்தவர். நம்ம பட்டத்தை முதலில் என்சிஏ (வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களை மதிப்பிடும் கனடாக் குழு) மதிப்பிடும். அவர்கள் குறிக்கும் பாடங்களில் தேர்வு எழுதணும். பிறகு டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரிஸ்டர், சொலிசிட்டர் என இரண்டு தேர்வுகள், அதோடு ஆர்ட்டிக்ளிங், அதாவது ஒரு வக்கீலிடம் பயிற்சி. பலர் சிக்குவது அந்த ஆர்ட்டிக்ளிங் இடம் தேடுவதில்தான். அங்கே அறிமுகம் இல்லையே! என்சிஏ தேர்வுகள் முடியட்டும் என்று காத்திருக்காமல் இடம் தேடத் தொடங்குங்க. இடம் அமையாவிட்டால் அதற்குப் பதிலாக எல்பிபி (LPP) பயிற்சித் திட்டம் உண்டு.

பதில் 2: தேர்தலுக்கு வக்கீல் பட்டமே வேண்டாம். 18 வயது, கனடா குடியுரிமை போதும். குடியுரிமைக்கு முதலில் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி, ஐந்து ஆண்டில் 1,095 நாள் அங்கே இருந்திருக்கணும். இந்தியக் குடியுரிமை போய்விடும், வீட்டில் பேசிக்கொள்ளுங்க. கட்சிக்குள் வேட்பாளராவதுதான் கடினம்.

பதில் 3: ஆனந்தசங்கரி டொரண்டோவின் ஸ்கார்பரோ–ரூஜ் பார்க் தொகுதியில் ஜெயித்தது 2015-ல். கனடாவில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக்கிய 2016 நாடாளுமன்றத் தீர்மானம் அவருடையது.