1861 இங்கிலாந்து கணக்கெடுப்பில் ரஸ்ஸல் குடும்பம் சிக்கவே இல்லை

வேர்தேடி:
பாட்டியின் தாத்தா வில்லியம் ரஸ்ஸல், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1874 மார்ச்சில் சென்னையில் கல்யாணம்; பதிவில் வயது 24, தகப்பனார் ஜோசப். பிறந்தது வில்ட்ஷரில் உள்ள ஸ்விண்டன் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்வது. 1851, 1861 இரண்டிலும் பெயர், ஊர், பிறந்த ஆண்டு மூன்றையும் போட்டுத் தேடினேன். ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்த்துத் தேடும் சவுண்டெக்ஸும் டிக் செய்தேன். ஒருவரும் பொருந்தவில்லை. கணக்கில் விட்டுப்போயிருப்பாரா?

பழஞ்சுவடி:
அந்த முடிவுக்கு இப்போதே வராதீர்கள். பெயரில் இரட்டை எஸ் இருக்கிறதே, அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அக்காலக் கையெழுத்தில் முதல் எஸ்ஸை மேலும் கீழும் இழுத்து எழுதுவார்கள். அடுத்த எஸ்ஸோடு ஒட்டிக்கொண்டால் அச்சு அசலாக 'பி' எழுத்து போலவே இருக்கும். பார்த்துத் தட்டச்சு செய்தவர் 'ருபெல்' என்று அடித்திருக்கலாம். சவுண்டெக்ஸ் இங்கே கைகொடுக்காது: ரஸ்ஸலுக்கு அது தரும் குறியீடு ஆர்240, ருபெலுக்கு ஆர்140. முதலெழுத்தையும் அது அப்படியே வைத்துக்கொள்ளும் என்பதால், 'ஆர்' 'கே' ஆகிப்போயிருந்தாலும் ஆள் அகப்பட மாட்டார்.

குடும்பப்பெயர் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஆர், யூ, நட்சத்திரக்குறி, எல் என்று மட்டும் அடியுங்கள். ரஸ்ஸல், ருபெல், ருஃப்செல், கடைசியில் ஒற்றை எல் போட்டவர்கள் எல்லோரும் வந்து விழுவார்கள். அதிலும் இல்லையென்றால் முதலெழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்டு, மீதியை முழுதாக எழுதிப் பாருங்கள்.

தாளடி:
நான் குடும்பப்பெயரையே காலியாக விடச் சொல்வேன். தாய் மறுமணம் செய்திருந்தால் பிள்ளைகளையும் மாற்றாந்தகப்பன் பெயரிலேயே எழுதிவிடுவார்கள். நட்சத்திரம், கேள்விக்குறி போன்ற எந்த வைல்டுகார்டும் அதைப் பிடிக்காது. 1861 கணக்கு ஏப்ரல் 7 இரவுக்குரியது. கல்யாணப் பதிவு சரி என்றால் அன்று வில்லியமுக்கு வயது 11. முதற்பெயர், 9 முதல் 13 வரை வயது, வில்ட்ஷர், இவ்வளவு போதும். வில்லியமை 'டபிள்யூ எம்' என்று சுருக்கி எழுதுவது சர்வசாதாரணம், அதையும் தனியாகப் போடுங்கள். பிறந்த ஊரில் ஸ்விண்டன் என்று அடம்பிடிக்காதீர்கள். குடியிருந்த ஊரையே பிறந்த ஊராகச் சொல்வது அடிக்கடி நடக்கும். பதிவு மாவட்டம் கேட்டால் ஹைவொர்த், அப்போது ஸ்விண்டன் அதற்குள்தான்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர் ஞானஸ்நானப் பதிவில் கிடைத்தால், அதில் அபூர்வமான பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கெசையா என்று ஒரு தங்கை இருந்தால் ஐந்து நிமிட வேலை.

பழஞ்சுவடி:
தாளடி சொன்னதோடு ஒன்று. ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற இரண்டு வம்சாவளித் தளங்களும் 1861ஐத் தனித்தனியாகப் படியெடுத்தவை. ஒன்றில் தவறினால் மற்றதில் இருக்க வாய்ப்புண்டு. ஜோசப்பை 1881 கணக்கெடுப்பில் தேடும்போது இந்த வழி பலிக்காது. தன்னார்வலர்கள் செய்த ஒரே படியைத்தான் பல தளங்களும் வைத்திருக்கின்றன, பிழையும் ஒன்றேதான்.

ஆள் கிடைத்ததும் அட்டவணையோடு நிற்காமல் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். அதுவே வீட்டுக்காரர் நிரப்பிய தாள் அல்ல, கணக்கெடுப்பாளர் பார்த்து எழுதிய நகல். வயதின் மேல் எழுத்தர்கள் கோடு கிழித்திருப்பார்கள். அதில் 11 பார்வைக்கு 17 ஆகிவிடும்.

வேர்தேடி:
நன்றி. 1871ஐயும் சேர்த்துப் பார்க்கட்டுமா?

தாளடி:
பாருங்கள், ஆனால் 1861க்குப் பிறகு. 1871ல் அவருக்கு 21, வேறு ஊரில் வாடகை அறையில் இருந்திருக்கலாம். அப்படியானால் விவரம் சொன்னது வீட்டுக்காரம்மா; பிறந்த ஊர் 'தெரியாது' என்றுகூட இருக்கும். அதில் வயதுக்கு ஐந்து ஆண்டு முன்பின் விட்டுத் தேடுங்கள்.