டிரான்ஸ்ஃபர் செய்தி, நேரலைப் பேச்சு: எந்த நிருபரை நம்புறது?

எல்லைக்கோடு:
ஒரு கால்பந்து வீரர் கிளப் மாறப்போறார்னு ஆறு பேர் ஆறு விதமா எழுதுறாங்க. யாரை நம்புறது? பத்திரிகையில நல்லா எழுதினவங்க, ஒளிபரப்பு உரிமை வச்சிருக்கிற சேனலுக்குப் போனதும் காரம் குறையுதே, அது நிஜமா, என் பிரமையா? அப்புறம், நேரலைல சிலர் பேச்சு ஏன் காதைக் குடையுது?

கார்னர்கொடி:
ஆளை விடுங்க, வினைச்சொல்லைப் பாருங்க. விசாரிப்பு, வீரரோட சம்பளப் பேச்சு, ரெண்டு கிளப்புக்கும் நடுவே தொகை, மருத்துவப் பரிசோதனை, கையெழுத்து, பதிவு. இதுல எந்தப் படியில நிக்குதுன்னு சொல்றவர்தான் விஷயம் தெரிஞ்சவர். ‘ஆர்வம் காட்டுது’ மட்டும் வந்தா ஏஜென்ட் கசியவிட்டதா இருக்க வாய்ப்பு அதிகம்; இருக்கிற கிளப்புலயே சம்பளத்தை ஏத்த அது நல்ல உபாயம்.

2015 ஆகஸ்ட் 31 ஞாபகம் இருக்கா? மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி ஹியா ரியல் மாட்ரிட் போக எல்லாம் பேசி முடிச்சாச்சு, ஆவணம் கெடு நேரத்துக்குள்ள போய்ச் சேரலை. அன்னிக்கு ‘கிளப்புங்க ஒத்துக்கிச்சு’ன்னவர் சரி, ‘சேர்ந்துட்டார்’னவர் தப்பு. ஒரு சீசனுக்குத் தேதி, பேர், சொன்ன வினைச்சொல், முடிவுன்னு நாலு கட்டம் போட்டுக் குறிச்சு வைங்க. சத்தமில்லாம அழிச்ச சமூக ஊடகப் பதிவையும் தப்புக் கணக்குல சேர்க்கணும், அங்கதான் பலர் தப்பிச்சுடுறாங்க.

மூன்றாம்நடுவர்:
சேனல் மாற்றம் பிரமை இல்லை, ஆனா எல்லாத்துலயும் இல்லை. யார் எங்க போறாங்கங்கிற செய்தி கெடாது, ஏன்னா தொடர்புகள் ஆளோடயே வரும். அமெரிக்கக் கூடைப்பந்து நிருபர் ஏட்ரியன் வோஜ்னரோவ்ஸ்கி 2017-ல யாஹூவிலிருந்து ஈஎஸ்பிஎன் விளையாட்டு சேனலுக்குப் போனார், கூட்டமும் பின்னாடியே போச்சு. 2024-ல அவர் விலகி ஒரு கல்லூரி கூடைப்பந்து அணிக்கு ஜெனரல் மேனேஜர் ஆனதும், அந்த இடத்துக்கு இன்னொரு கூடைப்பந்து நிருபர் ஷாம்ஸ் சரானியா வந்தார். அடிபடுறது வேற செய்தி: லீக் நிர்வாகம், அட்டவணைச் சுமை, நடுவர் விவகாரம். உரிமைக்குப் பணம் கட்டின சேனல் தன் சரக்கையே குறை சொல்லணுமே! மாறினதுக்கு முன்னாடி ஆறு மாசம், பின்னாடி ஆறு மாசம், இந்த மூணு விஷயத்துல மட்டும் எத்தனை கட்டுரைன்னு எண்ணுங்க.

மைக்செக்:
பேச்சுக்கு வரேன். எழுத்துலேருந்து வர்றவங்களுக்குத் தமிழ்ல ஒரு தனிக் கஷ்டம் உண்டு: நம்ம வாக்கியத்துல வினை கடைசில. ‘ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்தைக் கவர் திசையில்…’னு இழுத்து ‘அடித்தார்’ வர்றதுக்குள்ள பந்து எல்லைக்கோட்டுக்குப் போயிருக்கும். வினையை முன்னாடி போடணும்: ‘அடிச்சார், கவர் பக்கம், ரெண்டு பேர் துரத்துறாங்க.’

காதைக் குடையுறதுக்குக் காரணம் பெரும்பாலும் சுருதி. முதல் பாஸுக்கே உச்சத்துல ஆரம்பிச்சா கோலுக்குக் குரல் மிச்சம் இருக்காது, கத்தல்தான் வரும். இன்னொண்ணு, திரையில தெரியுறதையே திருப்பிச் சொல்றது. படத்தோட சேர்க்க ஏதாவது இருந்தாத்தான் வாயைத் திறக்கணும்னு ஆஸ்திரேலிய கிரிக்கெட் வர்ணனையாளர் ரிச்சி பெனோ சொல்வார். வானொலி நேர் எதிர். அமெரிக்க வர்ணனையாளர் ரெட் பார்பர் பேஸ்பால் வர்ணனைல மூணு நிமிஷ மணற்கடிகாரம் வச்சிருந்தார், மணல் இறங்கினதும் ஸ்கோர் சொல்லணும்னு.

எல்லைக்கோடு:
அப்போ டிவில எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம்?

மைக்செக்:
கூட்டம் கத்தி ஓயுற வரைக்கும். 1974-ல பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் சாதனையா 715-வது ஹோம் ரன் அடிச்சப்போ, பந்து போயிடுச்சுன்னு சொல்லிட்டு வர்ணனையாளர் வின் ஸ்கல்லி மைக்கை விட்டே நகர்ந்துட்டார். ஆரவாரம் அடங்கின பிறகுதான் திரும்பி வந்து பேசினார்.