டி32 பயிற்சி மானியத்தில் இருந்தவர்களே, இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு சம்பவத்தைப் பகிருங்கள்

ஈஸ்ட்வாசி:
டி32 என்பது ஆய்வு மாணவர்களைப் பயிற்றுவிக்க அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மானியம். அதற்கு மேல் இங்கே விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வு நெறிமுறை வகுப்பில் ஒரு பேராசிரியர் மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் ஒரே ஜெல்லின் இரண்டு படங்களை அருகருகே காட்டி, ஒளி மாறுபாட்டை எதுவரை கூட்டலாம், எந்த இடத்தில் அது தரவை மறைக்கும் வேலையாகிவிடுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் நெறியாளர் வந்து நின்று, கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார். அன்று மதியம் செல் பிரிக்கும் கருவிக்கு நேரம் பதிவு செய்திருந்தோம் என்பது உண்மைதான். ஆனால் வகுப்பு அட்டவணை பருவத் தொடக்கத்திலேயே அவருக்கும் போயிருந்தது. எழுந்து வெளியே சென்றபோது, "இதையெல்லாம் இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாமே, வெறும் சான்றிதழ்தானே" என்றார். இணையப் பாடம் மட்டும் போதாது, குறைந்தது 8 மணி நேரமாவது ஆசிரியர்களோடு கலந்துரையாடும் வகுப்பில் இருந்தாக வேண்டும் என்பது என்.ஐ.எச். விதி. அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். மானியத்தின் பணம் என் பயிற்சிக்காக வருகிறது. தம் ஆய்வகத்துக்குச் செலவில்லாமல் கிடைத்த இரண்டு கைகளாகவே அவர் என்னைக் கணக்கிட்டிருந்தார் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

வரிக்குதிரைமீன்:
ஈஸ்ட்வாசி அவர்களே, எட்டு மணி நேர வகுப்புக்காக நெறியாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கருவியின் நேரம் கைவிட்டுப் போனால் வளர்த்து வைத்த செல்களும் வீணாகும். அந்தப் பதற்றத்தையும் பார்க்க வேண்டும். என் கதை வேறு. வரித்தாக்கல் காலத்தில் எல்லாரையும் போலச் சம்பளப் பிரிவுச் சாளரத்தில் நின்று ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் கேட்டேன். அங்கிருந்த அம்மையார் தம் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்: என் பெயர் இருந்தது, அதற்கு எதிரே இருந்த கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. "நீங்கள் ஊழியர் அல்லவே, பயிற்சி பெறுபவர்" என்றார். உதவித்தொகை ஊதியம் இல்லை என்பதால் வரி எதுவும் பிடித்தம் செய்யப்படவில்லை. ஆனாலும் அதற்குக் கூட்டரசு வருமான வரி கட்டத்தான் வேண்டும். 2024 நிதியாண்டில் முனைவர் பட்ட மாணவருக்கான உதவித்தொகை ஆண்டுக்கு 28,224 டாலர். அதை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்து முடித்த பிறகு, ஏப்ரலில் மொத்தமாக வரி கட்டு என்றால் எங்கே போவது? காலாண்டுக்கு ஒருமுறை 1040-இஎஸ் படிவத்தோடு முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும் என்பதைச் சேர்க்கைக் கூட்டத்தில் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

ஒளிர்புரதம்:
எனக்கு நேர்ந்தது கையெழுத்துப் போடும் நாளில். நியமனப் படிவம் கணினியில் திறந்திருந்தபோது மூத்த மாணவர் ஒருவர் தோள்மேல் எட்டிப் பார்த்து, "பாதியில் விலகினால் முழுத் தொகையையும் அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டார். படிவத்தை அப்படியே மூடினேன். அன்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கான விதி. அவர்கள் பெறும் முதல் 12 மாத உதவிக்கு ஈடாக மாதத்துக்கு மாதம் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்ய வேண்டும். பயிற்சியிலேயே இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தால் அந்தக் கடன் தானாகக் கழிந்துவிடும். நம்மைப் போன்ற மாணவர்களுக்கு அந்தக் கடமையை 1993-ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கிவிட்டது. அரைகுறையாகக் கேள்விப்பட்டதை அடுத்தவர் தலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களை என்னவென்று சொல்வது!

பழைய மாணவன்:
என் அனுபவம் சின்னது. பட்டம் வாங்கி, தொழில் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, ஆய்வகத்தையே மறந்திருந்த நிலையில், ஒரு கூட்டத்தின் நடுவே பழைய திட்ட ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: "இப்போது என்ன பதவியில் இருக்கிறீர்கள்?" மானியத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் பழைய மாணவர்களின் நிலையை 15 ஆண்டுகள் வரை காட்ட வேண்டியிருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பதில் போட்டேன்.

இனி, யாரும் கேட்கவில்லை என்றாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நியமனத்துக்கு முன்பே ஆர்சிட் எண்ணை (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) பெற்று, என்.ஐ.எச். மானியங்களுக்கான இணையதளமான ஈரா காமன்ஸில் உள்ள உங்கள் கணக்கோடு இணைத்துவிடுங்கள். அது இல்லாமல், நியமனங்களைப் பதியும் எக்ஸ்டிரெய்ன் பகுதியில் படிவம் நகராது. கட்டுரை எழுதும்போது நன்றியுரையில் மானிய எண்ணைச் சேர்க்க வேண்டியது நெறியாளரின் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். அவர் தம்முடைய மானியத்தைக் குறிப்பிட்டுவிட்டு உங்களுடையதை மறந்துவிடுவார். கட்டுரை பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் ஏறி பி.எம்.சி. எண் பெறவில்லை என்றால், ஒரே ஒரு மாணவரின் கட்டுரைக்காக மொத்தத் திட்டத்தின் அடுத்த ஆண்டுத் தொகையே தாமதப்படலாம். 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு முன்பிருந்த 12 மாத அவகாசமும் கிடையாது, வெளியாகும் அன்றே எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். உங்கள் இலக்குகளை எழுதும் தனிநபர் வளர்ச்சித் திட்டத்தை ஏதோ சடங்குபோல நிரப்பாமல், நெறியாளர் எதிரே உட்கார்ந்து நிரப்புங்கள். பின்னாளில் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அவரால் சொல்ல முடியாது. நியமனம் முடியும்போது நிறைவு அறிவிப்புப் படிவத்தைக் கையோடு முடித்து ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முனைவர் பட்ட மாணவராக இருக்கும்போது கூட்டரசின் இந்த வகை உதவி ஒருவருக்கு வழக்கமாக மொத்தம் 5 ஆண்டுகள்தான், அந்தக் கணக்கு உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.

விசாமாணவி:
நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தேன். குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவர்களை டி32-இல் நியமிக்க முடியாது. ஆனாலும் எங்கள் துறையில் வகுப்புகளும் கருத்தரங்குகளும் எல்லாருக்கும் பொது என்பதால், பணம் தவிர மற்ற எல்லாக் கடமைகளும் எனக்கும் இருந்தன. ஒருநாள் கருத்தரங்கு முடிந்ததும் "பயிற்சி மாணவர்கள் மட்டும் பேச்சாளரோடு மதிய உணவுக்கு வரலாம்" என்று அறிவித்தார்கள். பேச்சாளரை அறிமுகப்படுத்தி, கேள்வி நேரத்தை நடத்தியது நான். ஒலிவாங்கி இன்னும் என் கையில் இருந்தது. வரி கட்டுவதைப் பற்றிய வருத்தங்களைப் படிக்கும்போது, அந்த வருத்தமாவது நமக்கு வாய்த்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

வரிக்குதிரைமீன்:
விசாமாணவி அவர்களே, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனால் உங்களைச் சாப்பாட்டுக்கு அழைக்காதது துறைத் தலைமையின் சின்னத்தனம். அப்படிச் செய்யச் சொல்லி என்.ஐ.எச். விதி எதுவும் இல்லை.

புதிய அப்பா:
விடுப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. குழந்தை பிறந்ததும் விடுப்புக் கேட்டேன். "அது தாய்மாருக்குத்தான்" என்று நெறியாளர் சிரித்தார். தாய், தந்தை இருவரில் யாராக இருந்தாலும் உதவித்தொகை நிற்காமல் ஆண்டுக்கு 60 நாட்கள் வரை எடுக்கலாம், அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர் பயிற்சித் திட்டத்தின் இயக்குநர் என்று விதியில் இருக்கிறது. அந்தப் பத்தியை அச்சிட்டு இயக்குநரின் மேசையில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, "இருபது ஆண்டுகளில் இதைக் கேட்ட முதல் ஆண் நீங்கள்தான்" என்று சொல்லி ஒப்புதல் தந்தார். எனக்குப் பின் எங்கள் திட்டத்தில் இன்னொருவரும் கேட்டு வாங்கிவிட்டார்.