ரிகர்சிவ் ஃபங்ஷன்: வெளி அரே வரிசையாகிறது, உள் அரே அப்படியே நிற்கிறது

கேள்வி – அரைப்புள்ளி

பிஎச்பி 8.1. நாலைந்து அடுக்கு உள்ள அசோசியேட்டிவ் அரே (ஒவ்வொரு மதிப்புக்கும் கீ என்ற பெயர் உள்ள தொகுப்பு) ஒன்று. எல்லா அடுக்கிலும் கீ வரிசைப்படி அடுக்கி, ஜேசன் (தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) ஆக்கி, அதற்கு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) எடுக்க வேண்டும். பெறும் பக்கமும் இதையே செய்து ஒப்பிடும். தன்னையே அழைக்கும் (ரிகர்சிவ்) ஃபங்ஷனின் அமைப்பு இது (குறியீட்டைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்; கேசார்ட் என்பது கீ வரிசைப்படி அடுக்கும் பிஎச்பி ஃபங்ஷன்):

அடுக்கு(&$அரே):
    கேசார்ட்($அரே)
    ஃபோர்ஈச் $அரே → $மதிப்பு:
        $மதிப்பு அரே என்றால்: அடுக்கு($மதிப்பு)

எர்ரர், வார்னிங் எதுவும் இல்லை. வெளி அடுக்கு சரியாக இருக்கிறது, உள்ளே பழைய வரிசைதான். அரே‑வாக்‑ரிகர்சிவ் போட்டுப் பார்த்தாலும் உள் அரேக்கள் மாறவில்லை. எங்கே பிசகு?

பதில் 1 – பூச்சிபிடிப்பான்

பிசகு ஃபோர்ஈச் வரியில். ஃபங்ஷன் ரெஃபரன்ஸாக (காப்பி எடுக்காமல் அசலையே) வாங்குகிறது, சரி. ஆனால் ஃபோர்ஈச் கொடுக்கும் $மதிப்பு ஒரு காப்பி. நீங்கள் வரிசைப்படுத்துவது அந்தக் காப்பியை; அடுத்த சுற்றில் அது போய்விடும். $மதிப்புக்கு முன்னால் ஒரு & போட்டால் வேலை முடிந்தது.

ஆனாலும் & இல்லாமல் எழுதுவதையே பரிந்துரைப்பேன். ரெஃபரன்ஸ் ஃபோர்ஈச் முடிந்த பிறகும் $மதிப்பு கடைசி உறுப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதே பெயரில், அதே ஃபங்ஷனுக்குள், பின்னால் யாராவது சாதாரண ஃபோர்ஈச் ஒன்று சேர்த்தால் கடைசி உறுப்பு அழிந்து, கடைசிக்கு முந்தையது இரண்டு முறை வரும். அன்செட் போட்டு அந்த ஒட்டை அறுத்தால் தப்பிக்கலாம், போட மறப்பதுதான் வழக்கம். இப்படி எழுதுங்கள்:

அடுக்கு($அரே):
    ஃபோர்ஈச் $அரே → $கீ, $மதிப்பு:
        $மதிப்பு அரே என்றால்: $அரே[$கீ] = அடுக்கு($மதிப்பு)
    கேசார்ட்($அரே)
    ரிட்டர்ன் $அரே

கடைசி இரண்டு வரிகளை ஒன்றாக்கி "ரிட்டர்ன் கேசார்ட்" என்று எழுதிவிடாதீர்கள். கேசார்ட் அரேயைத் திருப்பித் தராது, ட்ரூ என்றுதான் தரும். உள் அரேக்கள் எல்லாம் ட்ரூவாக மாறிக் கிடக்கும்.

அரே‑வாக்‑ரிகர்சிவ் இதற்கு உதவாது. அது இலைகளை (அரே அல்லாத மதிப்புகளை) மட்டுமே கால்பேக்குக்கு (நாம் கொடுக்கும் ஃபங்ஷனுக்கு) அனுப்பும். மதிப்பு ஒரு அரே என்றால் அதற்குள் இறங்குமே தவிர, அந்த அரேயை உங்கள் கையில் தராது.

பதில் 2 – அடைப்புக்குறி

மேலே சொன்னது சரி. ஆனால் ஹாஷ் எடுப்பதாக இருந்தால் இதோடு முடியாது.

கேசார்ட்டுக்கு ஃப்ளாக் (ஒப்பிடும் முறையைச் சொல்லும் விருப்பம்) கொடுக்காமல் விட்டால், எண்ணும் எழுத்தும் கலந்த கீக்களை ஒப்பிடும் விதி 8.2‑இல் மாறியிருக்கிறது. ஒரு சர்வர் 8.1, இன்னொன்று 8.2 என்றால் வரிசை வேறாக வரலாம். ஆகவே கீக்களை எழுத்தாகவே ஒப்பிடும் சார்ட்‑ஸ்ட்ரிங் ஃப்ளாக் கொடுங்கள்.

கொடுத்ததும் அடுத்த குழி. கீ இல்லாத வெறும் பட்டியல்களுக்கும் 0, 1, 2 என்று கீ உண்டு அல்லவா? பத்து உறுப்பைத் தாண்டினால் எழுத்து வரிசையில் 0, 1, 10, 2 என்று வரும். கீக்கள் 0 முதல் முறையாக இல்லை என்றதும் ஜேசன்‑என்கோட் அதைச் சதுர அடைப்புக்குள் எழுதாது, ஆப்ஜெக்டாக எழுதிவிடும். பத்து உறுப்பு வரை வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. 8.1‑இல் வந்த அரே‑இஸ்‑லிஸ்ட் வைத்துப் பாருங்கள்: பட்டியல் என்றால் கேசார்ட் வேண்டாம், உள்ளே இறங்குவது மட்டும் நடக்கட்டும்.

பெறும் பக்கம் ஜாவாஸ்கிரிப்டா? அங்கே ஆப்ஜெக்டில் முழு எண் போன்ற கீக்கள் எப்போதும் முதலில், ஏறுவரிசையில் நிற்கும். நீங்கள் எந்த வரிசையில் போட்டாலும் 2, 10 என்றுதான் வெளிவரும். சார்ட்‑ஸ்ட்ரிங் 10, 2 என்று தரும். எண் கீக்களுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பதே எளிய வழி. பிஎச்பி இயல்பாகவே சாய்கோட்டுக்கு முன் பின்சாய்கோடு சேர்க்கும், தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்ணாக எழுதும். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் செய்யாது. அன்எஸ்கேப்ட் ஸ்லாஷஸ், அன்எஸ்கேப்ட் யூனிகோட் இரண்டு ஃப்ளாக்கும் ஜேசன்‑என்கோடுக்குத் தேவை.

பதில் 3 – முடிவிலிச்சுற்று

ரிகர்ஷனைப் பயன்படுத்துகிறோம் என்றால் குயிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையையே கையால் எழுதிவிடலாமே? முழுக் கட்டுப்பாடும் நம்மிடம் இருக்கும்.

பதில் 4 – பூச்சிபிடிப்பான்

வேண்டாம். இங்கே ரிகர்ஷனின் வேலை உள்ளே இறங்குவது. வரிசைப்படுத்துவது மொழியோடு வரும் ஃபங்ஷனின் வேலை. முதல் உறுப்பையே பிவட்டாக (மற்றவற்றைப் பிரிக்கும் உறுப்பாக) எடுக்கும் குயிக்சார்ட்டுக்கு, ஏற்கெனவே வரிசையாக உள்ள 10,000 உறுப்புகளைக் கொடுத்தால் ஆழம் கிட்டத்தட்ட 10,000, ஒப்பீடுகள் சுமார் 5 கோடி. பிஎச்பியின் சொந்த சார்ட் 8.0 முதல் ஸ்டேபிள்; சமமான உறுப்புகளின் பழைய வரிசை கலையாது. கையால் எழுதும் குயிக்சார்ட்டில் அதற்கும் உத்தரவாதம் இல்லை.

அரைப்புள்ளி

லிஸ்ட் சோதனை சேர்த்ததும் ஹாஷ் பொருந்துகிறது, நன்றி. இதே ஃபங்ஷனால் மெனு மரத்தையும் அடுக்கலாமா? ஒவ்வொரு கணுவிலும் தமிழ்ப் பெயரும் 'பிள்ளைகள்' அரேயும் உண்டு.

பதில் 5 – அடைப்புக்குறி

அமைப்பு அதேதான். கேசார்ட்டுக்குப் பதில் யூசார்ட் (ஒப்பிடும் கால்பேக்கை நாமே கொடுக்கும் சார்ட்), இறங்குவது 'பிள்ளைகள்' கீக்குள் மட்டும். கால்பேக்கில் "பெரியதா" என்று கேட்டு ட்ரூ, ஃபால்ஸ் தராதீர்கள். குறை எண், பூஜ்யம், மிகை எண் என்று மூன்றும் வர வேண்டும்.

தமிழ்ப் பெயர்களை நேரடியாக ஒப்பிட்டால் யூனிகோட் எண் வரிசைதான் வரும். அதில் ன‑கரம் ந‑கரத்தை அடுத்து நிற்கிறது, அதனால் 'வனம்' முந்தி 'வயல்' பிந்தும். அகராதி வரிசை வேண்டுமானால் இன்டில் எக்ஸ்டென்ஷனின் கொலேட்டர் (மொழி வழக்கப்படி ஒப்பிடும் கருவி), தமிழ் லொகேலோடு (மொழி அமைப்போடு). அதை ஒரு முறை மட்டும் உருவாக்கி ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள். கால்பேக்குக்குள் வைத்தால் ஒப்பீட்டுக்கு ஒன்று புதிதாக உருவாகும்.